பெருமுக்கலில் ஒரு கணக்கு பாக்கி

மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஜெயா ஜெராக்ஸ் நடத்துகிற சகாதேவனுக்குப் பெருமுக்கலில் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்று ஊரே சொல்கிறது. இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என்ன கணக்கு, யாரோடு என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

டீக்கடை கண்ணாயிரத்துடையது நிலக் கட்சி. பெருமுக்கலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைகிற செம்மண் நிலம் ஒன்றைச் சகாதேவன் பேசி முடித்துவிட்டுப் பத்திரம் பதியாமல் இழுத்தடிக்கிறானாம். உப்பு லாரிக்காரர்களின் கட்சி வேறு. அவன் உப்பு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் எடைக்கல்லில் ஏதோ விளையாட்டு நடந்து, அது பெருமுக்கலில் ஒரு பஞ்சாயத்தில் போய் நிற்கிறதாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களின் கட்சிதான் பலமானது. அதில் ஒரு பெண் இருக்கிறாள். பெண் இருக்கிற வதந்திக்கு மற்ற வதந்திகள் வழிவிட்டு ஒதுங்குவது எல்லா ஊரிலும் உள்ள மரியாதைதான்.

சரி, விசாரித்துவிடலாம் என்று இறங்கினால், மூன்று கட்சியும் தப்பு. மூன்றிலும் கொஞ்சம் சரி. நிலம் உண்டு, அது மலையடிவாரத்தில் யாரும் விலைக்குக் கேட்காத ஒரு புளியமரத்தடி. கல் உண்டு, அது எடைக்கல் இல்லை. பெண்ணும் உண்டு.

வதந்திக்கு விதை போட்டது சகாதேவனேதான். வருஷா வருஷம் கார்த்திகை தீபத்தன்று அவன் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுப் பெருமுக்கலுக்குப் பஸ் ஏறுவான். அங்கே மலையுச்சியில் கோயில். ஊர் உலகமெல்லாம் மூச்சு வாங்க ஏறித் தீபம் பார்க்கும். இவன் மட்டும் மலையடியோடு சுற்றிப் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒரு பை மல்லாட்டையோடு திரும்பி வந்துவிடுவான். ஒரு வருஷம் கண்ணாயிரம் கேட்டே விட்டார்.

"ஏம்பா சகாதேவா, அடிவாரம் வரைக்கும் போறியாம், ஏறாமயே திரும்பிடறியாம். சாமிக்கும் ஒனக்கும் இன்னா தகராறு?"

"சாமி கூட இல்லண்ணே. அங்க ஒரு கணக்கு பாக்கி இருக்குது."

உண்மையைத்தான் சொன்னான். ஆனால் மீதியைச் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டான். பாதியில் விட்ட வாக்கியம் டீக்கடையில் கிடந்தால் என்ன ஆகும்? சாயங்காலத்துக்குள் அது வீட்டுக்கு வந்துவிட்டது.

"என்னாங்க கணக்கு அது?" என்று கேட்டாள் ஜெயா. கடைப் பலகையில் பெயராக இருக்கிறவள், வீட்டில் மனைவியாக இருக்கிறவள்.

"பிசிக்ஸ் கணக்குடி."

"பிசிக்ஸுக்கு எதுக்குங்க பெருமுக்கல் போவணும்? இங்க ஸ்கூல் இல்லியா?"

நியாயமான கேள்வி வந்தால் சகாதேவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போய்விடுவான். ஜெயா, "அடுத்த தபா வறுக்காத மல்லாட்டையா வாங்கியாங்க. போன வருஷம் பாதி சொத்தை" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

அது உண்மையாகவே பிசிக்ஸ் கணக்குதான்.

சகாதேவன் பன்னிரண்டாவது படித்தபோது திண்டிவனத்தில் தட்சணாமூர்த்தி சாரிடம் டியூஷன் போனான். உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த அவன் அப்பா, மகன் இன்ஜினியராகிவிட்டால் உப்பு தானாகவே வெள்ளையாகிவிடும் என்று நம்பிய மனிதர். தட்சணாமூர்த்தி சார் நல்ல வாத்தியார். ஒரே ஒரு பழக்கம். கணக்கில் 'அ', 'ஆ' என்று இரண்டு பிரிவு இருந்தால் 'அ'வைக் கரும்பலகையில் பிரமாதமாகப் போட்டுக் காட்டுவார். 'ஆ' வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்து, கையைத் தட்டி, "இது வீட்டுக்கு" என்பார். மறுநாள் 'ஆ' என்ன ஆயிற்று என்று அவரும் கேட்கமாட்டார், மாணவர்களும் சொல்லமாட்டார்கள். திண்டிவனம் வட்டாரத்தில் ஒரு தலைமுறையே 'ஆ' தெரியாமல் வளர்ந்து, இன்று நல்ல நல்ல வேலைகளில் இருக்கிறது.

அன்றைய கணக்கு இது. நூறு மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் கீழே விடப்படுகிறது. அதே கணத்தில் தரையிலிருந்து இன்னொரு கல் விநாடிக்கு இருபத்தைந்து மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறியப்படுகிறது. அ) இரு கற்களும் எப்போது, எங்கே சந்திக்கும்? ஆ) சந்திக்கும்போது இரண்டாம் கல்லின் திசைவேகம் என்ன? புவியீர்ப்பு முடுக்கம் பத்து என்று கொள்க. காற்றின் தடையைப் புறக்கணிக்க.

இந்தக் கடைசி வரியிலேயே சகாதேவனுக்குச் சிக்கல். உப்புக்காரன் வீட்டில் காற்றைப் புறக்கணித்தால் சோறு கிடையாது. மேல்காத்து அடித்தால் பாத்தியில் உப்பு பூக்கும். கீழ்காத்து அடித்தால் பாத்தி வேர்த்துக்கொண்டே கிடக்கும். அவன் அப்பா காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன் காற்றைத்தான் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட வஸ்துவை ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிற துணிச்சல் பாடப்புத்தகத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சார் 'அ'வை முடித்துவிட்டார்.

'அ' சுலபம். விடப்பட்ட கல் எவ்வளவு விழுகிறதோ, எறியப்பட்ட கல்லும் தான் போயிருக்க வேண்டிய இடத்திலிருந்து அவ்வளவே விழுகிறது. புவியீர்ப்பு இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பதால் கணக்கிலிருந்து அது கழன்று போகிறது. மிச்சம் இருப்பது நூறு மீட்டர் இடைவெளி, இருபத்தைந்து வேகம். நாலு விநாடி. முதல் கல் அதற்குள் எண்பது மீட்டர் விழுந்திருக்கும். ஆகவே தரையிலிருந்து இருபது மீட்டரில் சந்திப்பு. சார் விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். கையைத் தட்டினார். "ஆ, வீட்டுக்கு."

அந்தக் காலத்தில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வருகிற பஸ்ஸில் பெருமுக்கல் வரை யுவராணியும் வருவாள். அதே டியூஷன். மலைக்குக் கீழேயே வீடு. அவள் வீட்டில் நெல்லும் மல்லாட்டையும் போடுகிறவர்கள். 'ஆ' பிரிவை யாரும் சொல்லாமலே போட்டுப் பார்க்கிற, அந்த வட்டாரத்தின் ஒரே பிரஜை அவள்தான். பஸ்ஸில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் பிசிக்ஸ்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பிசிக்ஸ்தான். வேறு எதைப் பேசினாலும் பஸ்ஸில் இருக்கிற யாராவது ஒரு சித்தப்பாவுக்குப் புரிந்துவிடும்.

"ஆ போட்டியா?" என்று கேட்டாள் யுவராணி, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி.

"இன்னும் இல்ல."

"நான் போட்டுட்டேன். ஒரு வேடிக்க இருக்குது அதுல."

"இன்னா வேடிக்க?"

"அத நான் சொன்னா அப்பறம் நீ எதுக்கு? தீபத்தன்னிக்கு ஆன்சர் கொண்டா. எனக்கும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மலைக்கு மேல நிக்கறேன்."

"தீபத்தன்னிக்கா? ஜனம் இருக்குமே."

"அதுக்குத்தாண்டா மலைக்கு மேலன்றேன்."

பெருமுக்கல் வந்தது. இறங்கிவிட்டாள்.

இங்கே கொஞ்சம் நின்று ஊரைப் பார்க்க வேண்டும். மரக்காணத்தில் 'மேலே' என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பாத்தி தட்டை, ஓடை தட்டை, கடல் அதைவிடத் தட்டை. உயரமானது என்றால் உப்புக் குவியல், அதுவும் லாரி வருகிறவரைக்கும்தான். ஆகவே அந்த ஊரில் மேலே என்றால் மேற்கு, கீழே என்றால் கிழக்கு. கடல் கீழாண்டை இருக்கிறது. ஊருக்கு மேல ஓடை, ஓடைக்கு மேல உப்பளம், உப்பளத்துக்கு மேல வயல். 'கு' சேர்த்து 'மேல' போட்டால் அது மேலாண்டை, அதாவது மேற்குப் பக்கம். இதில் அங்கே கைக்குழந்தைக்கும் குழப்பம் வராது. ஆனால் பெருமுக்கலில் பிறந்தவளுக்கோ கண் விழித்தால் மலை. அவளுக்கு மேலே என்றால் மேலேதான்.

மலை மேல நிக்கறேன் என்று அவள் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. மலைக்கு மேல என்றாள். நாலாம் வேற்றுமை உருபு ஒரே ஓர் எழுத்து. இலக்கண வாத்தியார் அதற்கு அரை மார்க்குதான் போடுவார்.

இவன் புரிந்துகொண்டதிலும் தப்புச் சொல்ல முடியாது. தீபத்தன்று ஊரே கோயிலில் இருக்கும். மலைக்கு மேலாண்டைப் பக்கம் ஈ காக்கை இருக்காது. ஒரு பெண் ஒரு பையனிடம் ரகசியமாக 'ஆ'வின் விடையைக் கேட்க வேறு எந்த இடம் தோது? அவள் நினைத்ததும் சரிதான். கோயிலுக்குப் போகிறேன் என்றால் வீட்டில் விடுவார்கள்; அவ்வளவு கூட்டத்தில் யார் யாரோடு பேசினார்கள் என்று எவன் பார்க்கப் போகிறான்? ஒரே வார்த்தை, இரண்டு பேருக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதனால் யாருக்கும் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை.

தீபத்துக்கு முந்தின நாள் சகாதேவன் 'ஆ'வைப் போட்டான். நாலு விநாடியில் இரண்டாம் கல்லின் வேகம்: இருபத்தைந்திலிருந்து, பத்தை நாலால் பெருக்கிக் கழிக்க வேண்டும். இருபத்தைந்து கழித்தல் நாற்பது. மைனஸ் பதினைந்து வந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கல் மேலிருந்து வருகிறது, இன்னொன்று கீழிருந்து போகிறது, நடுவில் பார்த்துக்கொள்கின்றன. மேலே போகிற கல்லுக்கு எப்படி மைனஸ் வரும்? எங்கேயோ குறி பிசகிவிட்டது என்று முடிவு கட்டி, ரப்பரால் மைனஸை அழித்துவிட்டான். பதினைந்து. பார்க்க லட்சணமாக இருந்தது. பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் மலைக்கு மேலாண்டைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நின்றான். வெயில் இறங்கியது. மலையில் கூட்டம் ஏறுகிற சத்தம் கேட்டது. அவள் வரவில்லை. மலையுச்சியில் தீபம் ஏற்றினார்கள், ஜனம் கூவியது. அவன் அண்ணாந்து பார்த்தான். வெளிச்சம் தெரிந்தது, ஆட்கள் தெரியவில்லை. அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில், பாறை விளிம்பில் யுவராணி நின்றுகொண்டிருந்தாள். மரக்காணத்துக்காரன் கிழக்கிலிருந்துதானே வரவேண்டும்? ஆகவே அவள் கீழாண்டைப் பக்கம் தெரிகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நின்றதோ அவள் முதுகுக்குப் பின்னால், மலையளவு கீழே.

இருட்டியதும் இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். அதாவது அவள் இறங்கினாள். அவன் ஏறவே இல்லையே.

தன்னைக் கிண்டல் பண்ணிவிட்டாள், உப்புக்காரப் பையன் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று தோழிகளோடு பந்தயம் கட்டியிருப்பாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். பதினேழு வயதுக்கு இப்படித்தான் நினைக்கத் தெரியும். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஓடைத் தண்ணீர் வரப்பை உடைத்து வந்து, விலை ஏறட்டும் என்று அப்பா கட்டிவைத்திருந்த உப்புக் குவியலைக் கரைத்துக்கொண்டு போனது. குவியல் இருந்த இடத்தில் அதை மூடியிருந்த ஓலைகள் மட்டும் படுத்துக் கிடந்தன. சகாதேவன் டியூஷனை நிறுத்திவிட்டு அப்பாவோடு வரப்பு கட்டினான். மழை அவனுக்கு நல்ல சாக்கு. மழை இல்லாவிட்டாலும் வேறொன்றைத் தேடிக்கொண்டிருப்பான்.

பரீட்சையில் பிசிக்ஸ் தேறியது, இன்ஜினியரிங் தேறவில்லை. பரீட்சை முடிந்த கையோடு யுவராணிக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டான். மாப்பிள்ளை கோட்டக்குப்பம் பக்கம், சொந்தமாக ஒர்க்‌ஷாப். பிறகு உப்பு லாரிக்கு ஆள் சேர்த்தான், மூட்டை எண்ணினான், குத்தகை எடுத்தான், விட்டான். கோபம் ஆற ஆற, தான் வந்து நின்றதே அவளுக்குத் தெரியாதோ என்று தோன்றி, தீபத்துக்குத் தீபம் அந்தப் புளியமரத்தடிக்குப் போகத் தொடங்கினான். ஜெயா வந்தாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்ல முடியாததுதான் அவனுக்குச் சில சமயம் குறையாக இருக்கும். அவள் யோசனையில்தான் ஜெராக்ஸ் மெஷின் வந்தது. "உப்பு கரைஞ்சிடும், பேப்பர் கரையாது" என்றாள். பேப்பரும் கரையும் என்று ஒரு புயல் காட்டியது. ஆனால் மெஷின் பிழைத்தது, குடும்பமும் பிழைத்தது.

அந்தத் தொழிலில் அவனுக்கு ஒரே கெட்ட பழக்கம். பள்ளிகளிலிருந்தும் டியூஷன்களிலிருந்தும் நகலெடுக்க வருகிற கேள்வித்தாள்களை, சூடு ஆறுவதற்குள் படித்துவிடுவான். கல் தேடுவான். வருஷங்கள் போகப் போகக் கோபுரம் பாலமாயிற்று, பாலம் பலூனாயிற்று, ஒரு வருஷம் ஹெலிகாப்டர்கூட வந்தது. மேலே ஒருத்தன் கல்லோடு நின்றுகொண்டேதான் இருந்தான். கீழே யார் தலை இருக்கிறது என்று பாடநூல் எழுதுகிறவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

போன ஆவணியில் ஒரு புது நம்பரிலிருந்து வாட்ஸப்பில் கேள்வித்தாள் வந்தது. மேலே 'யுவராணி டியூஷன் சென்டர், மரக்காணம்' என்று போட்டிருந்தது. ஊரில் யுவராணிகளுக்குப் பஞ்சமில்லை. அவன் பாட்டுக்கு மெஷினை ஓடவிட்டு, முதல் தாளை எடுத்துப் படித்தான். ஏழாவது கேள்வி: நூறு மீட்டர் கோபுரம். இரண்டு கல். இருபத்தைந்து. 'அ'. 'ஆ'. 'ஆ'வுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 'குறி முக்கியம்'.

மெஷின் தாள்களைத் துப்பிக்கொண்டே இருந்தது. சகாதேவன் வீணாய்ப் போன ஒரு நகலைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தான். இருபத்தைந்து கழித்தல் நாற்பது. மைனஸ் பதினைந்து. இந்தத் தடவை அழிக்க ரப்பர் இல்லை. பேனாவில் எழுதினால் இது ஒரு சங்கடம், யோசித்தே ஆகவேண்டும். யோசித்தான். எறியப்பட்ட கல்லுக்கு விநாடிக்குப் பத்து வேகம் குறைகிறது. இருபத்தைந்தும் தீர இரண்டரை விநாடி. அத்தோடு ஏறுவது முடிந்தது. ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு விழத் தொடங்குகிறது. சந்திப்பு நாலாவது விநாடியில்.

அப்படியானால் சந்திக்கும்போது இரண்டு கல்லுமே கீழேதான் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்று முன்னால், ஒன்று பின்னாலிருந்து வேகமாக. ஏறுகிற கல் என்று அங்கே எதுவும் இல்லை. இதுதான் அந்த வேடிக்கை. அவள் பஸ்ஸில் சொல்லாமல் விட்டது.

திசைவேகம் என்கிறார்கள். வேகம் அவனிடம் இருந்தது. திசையைத்தான் ரப்பரால் அழித்துவிட்டிருந்தான்.

போன் அடித்தது. பெண் குரல், அவசரத்தில்.

"ஜெராக்ஸ் கடைங்களா? டியூஷன்லேர்ந்து பேசறேன். பேப்பர் ரெடின்னா மேல கொண்டாந்து குடுத்துடுங்க, பசங்க வந்துட்டாங்க."

புதிதாக வந்த அந்த டியூஷன் நடப்பது ரோட்டுக்கு எதிரே உரக்கடைக் கட்டடத்தில். அதற்கு ஒரு மாடி உண்டு. மேலாண்டைப் பக்கம் ஒரு கீற்றுக்கொட்டகையும் உண்டு. சகாதேவன் சாதாரணமாகத்தான் கேட்டான்:

"மேலன்னா மாடிங்களா, மேலாண்டங்களா?"

மறுமுனையில் பசங்களின் இரைச்சல் கேட்டது. அவள் குரல் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று அவன் ஹலோ சொன்னான்.

"யாரு பேசறது?"

"ஜெயா ஜெராக்ஸ்ங்க."

"கடை பேர கேக்கல."

"சகாதேவன்."

"மாடிக்கு வா" என்றாள். 'ங்க' போட்டுத் தொடங்கிய போன், வா என்று முடிந்தது.

மாடியில் வராந்தாவில் நின்றிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், விரலெல்லாம் சாக்பீஸ் தூள். உள்ளே பிள்ளைகள் பெஞ்சை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கேள்வித்தாள் கட்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நீ வரல" என்றாள்.

"வந்தேன்."

"பொய் சொல்லாத. இருட்டற வரைக்கும் நின்னேன். எங்க சித்தி வந்து கைய புடிச்சி இழுத்துக்கிட்டுப் போனாங்க."

"நானும்தான் நின்னேன். புளியமரத்தாண்ட."

"புளியமரமா? அது மலைக்கு மேற்கால இல்ல இருக்குது?"

"அதான். மலைக்கு மேலன்னு சொன்ன."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தாள். உள்ளேயிருந்து பிள்ளைகள் எட்டிப்பார்த்தார்கள். மிஸ் இப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. சகாதேவனும் சிரித்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபோதுதான், அவள் எப்போதோ சிரிப்பை நிறுத்திவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"இத்தினி வருஷமா நீ வரலன்னே நெனச்சிக்கிட்டிருந்தேன்டா."

"வந்தேன் யுவராணி. அது மட்டும் உனக்குத் தெரிஞ்சா போதும்னு இருந்தேன்."

போதும் என்று சொல்லிவிட்டானே தவிர, சொன்ன பிறகு போதவில்லை. வருஷா வருஷம் புளியமரத்தடியில் நின்று அவன் சேர்த்துவைத்திருந்தது இந்த ஒரே வாக்கியத்தைத்தான். அது தீர்ந்துபோனது. அடுத்து என்ன சொல்வது என்று அவன் யோசித்து வைத்திருக்கவில்லை.

அவள்தான் பேசினாள். வீட்டுக்காரர் தவறி மூன்று வருஷம் ஆகிறதாம். கல்யாணத்துக்கப்புறம்தான் படித்தாளாம், அவர்தான் படிக்கவைத்தாராம். மகள் சென்னையில். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பெருமுக்கலுக்கே திரும்பிவிட்டாளாம், டியூஷனுக்கு மட்டும் பஸ் ஏறி மரக்காணம் வருகிறாளாம். சொல்லச் சொல்ல அவன் தலையாட்டினான். தன் பங்குக்குச் சொல்ல, கீழே தெரிகிற கடைப் பலகையைக் காட்டினான்.

"ஜெயா யாரு?"

"வீட்ல."

"நல்ல பேரு" என்றாள். அப்புறம், வாத்தியார் குரலில், "ஆமா, ஆன்சர் இன்னா கொண்டாந்த அன்னிக்கு?"

"பதினஞ்சு."

"வெறும் பதினஞ்சா? மைனஸ் எங்க?"

"அழிச்சிட்டேன்."

"அடப்பாவி" என்றாள் மெதுவாக. "அழிச்சிட்டியா."

உள்ளே ஒரு பெஞ்சு சாய்ந்து விழுந்தது. அவள் கேள்வித்தாள் கட்டை வாங்கிக்கொண்டாள். வாசல் வரை போனவளை அவன் கூப்பிட்டான்.

"அன்னிக்கி இன்னாவோ சொல்லணும்னியே. அது இன்னா?"

"மொதல்ல ஆ-வ கொண்டா. ஸ்டெப் எல்லாம் எழுதி, குறி போட்டு. ஆன்சர் மட்டும் எழுதினா நான் மார்க் போடமாட்டேன். அப்பறம் சொல்றேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

சகாதேவன் கடைக்கு வந்து எழுதினான். எல்லா ஸ்டெப்பும். மேல்நோக்கிய திசை நேர்குறி என்று முதல் வரியிலேயே போட்டு, மேல்நோக்கி என்றால் வானத்தைப் பார்த்து என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சேர்த்தான். கடைசியில் மைனஸ் பதினைந்து. மைனஸை இரண்டு தடவை இழுத்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். எதிரே ரோட்டைத் தாண்டினால் உரக்கடை, அதன் மாடி. அவ்வளவுதான் தூரம்.

இன்னும் கொடுக்கவில்லை.

ஆவணி போய்ப் புரட்டாசி, ஐப்பசி ஆயிற்று. டியூஷன் பேப்பர்கள் வாரா வாரம் வருகின்றன. அவன் நகலெடுத்து மாடியில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவள் சாக்பீஸ் கையோடு வாங்கிக்கொண்டு, "ஆ?" என்று ஒற்றை எழுத்தில் கேட்பாள். "இன்னும் இல்ல" என்பான். ஒருவேளை அவள் சொல்ல இருந்தது பெரிய விஷயமாக இருக்கலாம்; தெரிந்தால் இத்தனை வருஷத்தையும் மறுபடி முதலிலிருந்து வருத்தப்பட வேண்டிவரும். ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், இரவல் வாங்கிய லாக் டேபிள் புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்பது மாதிரி. அது இன்னும் மோசம். எப்படியானாலும் தாளைக் கொடுத்த அன்றோடு கணக்கு தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருக்கும்? ஜெராக்ஸ் பேப்பர்தான்.

இந்த வருஷம் தீபத்துக்கு அவன் பெருமுக்கல் போகவில்லை. ஊர் உடனே கவனித்துவிட்டது. பாக்கியை அடைத்துவிட்டான் என்கிறார் கண்ணாயிரம். பஸ் நிறுத்தத்துப் பெண்களோ பாக்கி மரக்காணத்துக்கே குடிவந்துவிட்டது என்கிறார்கள். எப்போதும்போல அவர்கள் கட்சிதான் பலம்.

துணி துவைக்கப் போடும்முன் ஜெயா அவன் சட்டைப்பையைத் துழாவி, மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்ட அந்தத் தாளை எடுத்துவைக்கிறாள். ஒருநாள் பிரித்தும் பார்த்தாள். கோபுரம், இரண்டு கல், சில எண்கள். உண்மையாகவே பிசிக்ஸ்தான். மறுபடி மடித்து, மறுநாள் போடவேண்டிய சட்டையின் பையில் வைத்தாள்.

"என்னாங்க, எத்தினி நாளைக்கு இத சொமப்பீங்க?" என்று கேட்டாள். "எதுத்தாப்பலதான இருக்குது, போய் குடுத்துட்டு வந்துடறதுதானே?"

"குடுக்கணும்" என்றான் சகாதேவன்.